எக்ஸ் ஒன்று கூடினால் புரதமும் கூடுமா?

மேல்நிலை வகுப்பில் பால் குரோமோசோம்களைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. டர்னர் சிண்ட்ரோம் என்றால் 45, ஒரே எக்ஸ். கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் என்றால் 47, எக்ஸ்எக்ஸ்ஒய். காரணம் குரோமோசோம் பிரியாமை. அறிகுறிகள் நான்கு. ஐந்து மதிப்பெண் வினா தயார். பட்டியலை மனப்பாடம் செய்த மாணவர் மதிப்பெண் பெற்றுவிடுவார். ஆனால் கொஞ்சம் யோசிக்கும் மாணவர் ஒருவர் இருந்தால் இப்படிக் கேட்பார்: "மரபணுதானே புரதத்தை உண்டாக்குகிறது? பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. அப்படியானால் எக்ஸில் உள்ள மரபணுக்கள் தரும் புரதம் பெண்ணின் இரத்தத்தில் இரண்டு மடங்கு இருக்க வேண்டாமா? மூன்று எக்ஸ் இருந்தால் மூன்று மடங்கா?"

பாடநூலில் தனித்தனியே இருக்கும் மரபணு, புரதம், ஹார்மோன், நோய்த்தடைக்காப்பு ஆகிய நான்கு பாடங்களையும் இந்த ஒரு கேள்வி இணைத்துவிடுகிறது. அதற்கு விடை தேடுவதே இந்தக் கட்டுரை. வகுப்பறையில் நாம் பயன்படுத்தும் சில சொற்றொடர்களை ஏன் மாற்ற வேண்டும் என்பதும் இந்த விடையிலிருந்தே தெரியவரும்.

அளந்து பார்த்தவர்கள்

மனிதச் செல்லில் உள்ள குரோமோசோம்கள் 46 என்பது 1956-இல்தான் உறுதியானது. மூன்றே ஆண்டுகளில், 1959-இல், எடின்பரோவில் பட்ரீசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் எக்ஸ்எக்ஸ்ஒய் அமைப்பைக் கண்டார்கள். டர்னர் சிண்ட்ரோமில் எக்ஸ் ஒன்றே உள்ளது என்பதும், மூன்று எக்ஸ் உள்ள பெண்கள் இருக்கிறார்கள் என்பதும் அதே ஆண்டில் தெரியவந்தன. நம் மாணவர் கேட்கும் கேள்வி அன்றைய ஆய்வாளர்களுக்கும் உடனே எழுந்தது. இவர்களின் இரத்தத்தில் எக்ஸ் சார்ந்த புரதங்கள் எவ்வளவு இருக்கும்?

அளப்பதற்கு எளிதாகக் கிடைத்தது சிவப்பணுக்களில் உள்ள ஜி6பிடி என்னும் நொதி (குளுக்கோஸ்-6-ஃபாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ்). இதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 1962-இல் அமெரிக்காவில் மெல்வின் கிரம்பாக்கும் உடன் பணியாற்றியவர்களும், எக்ஸ் எண்ணிக்கை கூடியவர்களின் சிவப்பணுக்களில் இந்த நொதியை அளந்தார்கள். எக்ஸ் கூடியும் நொதி கூடவில்லை. ஓர் எக்ஸ் உள்ள ஆணுக்கும், இரண்டு உள்ள பெண்ணுக்கும், அதற்கு மேல் உள்ளவர்களுக்கும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இரத்தம் உறைய உதவும் காரணி 8 என்ற புரதத்தின் மரபணுவும் எக்ஸில்தான் உள்ளது. நலமாக உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இதன் அளவில் இரு மடங்கு வேறுபாடு இல்லை. இருவருக்கும் இயல்பு எல்லை 50 முதல் 150 விழுக்காடு என்றே ஆய்வகங்கள் குறிக்கின்றன.

ஆக முதல் விடை: எக்ஸ் இரு மடங்கானாலும் அது தரும் பெரும்பாலான புரதங்கள் இரு மடங்காவதில்லை.

மேரி லையன் தந்த விளக்கம்

இதற்கான விளக்கத்தை 1961-இலேயே இங்கிலாந்தின் மேரி லையன் தந்துவிட்டார். எலிகளின் மயிர் நிறத்தை ஆராய்ந்த அவர், பெண் கருவின் ஒவ்வொரு செல்லிலும் தொடக்க நாட்களிலேயே இரண்டு எக்ஸில் ஒன்று செயலடங்கிவிடுகிறது என்றார். எது அடங்கும் என்பது தற்செயல். ஒரு செல்லில் தாய்வழி வந்தது அடங்கலாம், அடுத்த செல்லில் தந்தைவழி வந்தது அடங்கலாம். ஒருமுறை அடங்கியது, அந்தச் செல்லிலிருந்து பிரியும் எல்லாச் செல்களிலும் அடங்கியே இருக்கும். 1949-இல் கனடாவில் முர்ரே பார், பெர்ட்ராம் இருவரும் பெண் பூனையின் நரம்பு செல்லில் கண்ட சிறு புள்ளி, சுருங்கி அடங்கிய இந்த எக்ஸ்தான். நாம் அதைப் பார் உடலம் என்று கற்பிக்கிறோம்.

இங்கே ஓர் எளிய விதி உண்டு. எத்தனை எக்ஸ் இருந்தாலும் ஒன்று மட்டும் முழுமையாக இயங்கும், மற்றவை அடங்கும். எனவே பார் உடலங்களின் எண்ணிக்கை, எக்ஸ் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண்ணுக்கு (ஓர் எக்ஸ்) பார் உடலம் இல்லை. எக்ஸ்எக்ஸ்ஒய் அமைப்புள்ள ஆணுக்கு ஒன்று. மூன்று எக்ஸ் உள்ள பெண்ணுக்கு இரண்டு. இந்த விதியைச் சொல்லிக்கொடுத்து, எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஒய் என்றால் எத்தனை என்று கேட்டால் மாணவர்களே "இரண்டு" என்று சொல்லிவிடுவார்கள்.

வகுப்பறைச் செயல்பாடு: புளியங்கொட்டையும் காரணி 8-உம்

தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை இந்தப் பாடத்துக்கு நல்ல துணைக்கருவி. கிடைக்காவிட்டால் நாணயங்கள் போதும்.

ஹீமோஃபிலியா மரபணுவை ஓர் எக்ஸில் மட்டும் கொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கொட்டையின் வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தால், அந்தச் செல்லில் இயங்குவது நலமான எக்ஸ். காரணி 8 உருவாகும். கறுப்பு விழுந்தால், இயங்குவது பிழையுள்ள எக்ஸ், உருவாகாது. மாணவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பத்துக் கொட்டைகள் கொடுங்கள். ஒவ்வொரு வீச்சும் ஒரு பெண். பத்தில் எத்தனை வெள்ளை என்பதைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

எண்கள் ஒரே மாதிரி வராது. ஐந்தும் ஆறும் நிறைய வரும். மூன்றும் எட்டும்கூட வரும். கரும்பலகையில் உள்ள எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால் ஐந்தை ஒட்டி நிற்கும். (கொட்டை ஒரு பக்கம் கனமாக இருந்தால் சராசரி சற்று விலகும், ஏன் என்று மாணவர்களையே கேளுங்கள்.)

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, இத்தகைய பெண்களின் காரணி 8 அளவு சராசரியாக 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். இரண்டு, தனித்தனிப் பெண்ணுக்கு அது மிகவும் மாறுபடும். எக்ஸ் அடங்கும் நேரத்தில் கருவில் செல்கள் குறைவு என்பதால், தற்செயலின் ஆட்டம் பெரிதாகத் தெரிகிறது. பத்துக் கொட்டையில் மூன்றே வெள்ளை விழுவது அரிதல்ல. நூறு கொட்டையில் முப்பதே வெள்ளை விழுவது மிக அரிது.

இங்கே நாம் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. "பெண்கள் ஹீமோஃபிலியாவைக் கடத்துபவர்கள் மட்டுமே, அவர்களுக்கு நோய் வராது" என்று எளிமைக்காகச் சொல்லிவிடுகிறோம். மூன்று வெள்ளை விழுந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் காரணி 8 ஏறத்தாழ 30 விழுக்காடு. பல் பிடுங்கிய பின் இரத்தம் நிற்காமல் கசியலாம். மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருக்கலாம். 40 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள பெண்ணையும் ஹீமோஃபிலியா உள்ளவராகவே மருத்துவர்கள் இன்று கருதுகிறார்கள். "பெண்களுக்கு வராது" என்ற வாக்கியத்தை வகுப்பில் கேட்ட மாணவி, தன் அதிகப்படியான இரத்தப்போக்கை இயல்பென்று நினைத்து ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்துவிடக்கூடும். "பெரும்பாலான பெண்களுக்குக் கடும் நோய் வருவதில்லை, சிலருக்கு இரத்தக்கசிவு இருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும்" என்பதே சரியான வாக்கியம்.

இதையே குரோமோசோம் எண்ணிக்கை மாறியவர்களுக்கும் நீட்டிப் பார்க்கலாம். டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண்ணிடம் இருப்பது ஒரே எக்ஸ். அதில் பிழை இருந்தால் ஈடுகட்ட மற்றொன்று இல்லை. ஓர் ஆணைப் போலவே அவருக்கு முழு ஹீமோஃபிலியா வரும். எக்ஸ்எக்ஸ்ஒய் ஆணிடம் ஒரு நல்ல எக்ஸும் ஒரு பிழையுள்ள எக்ஸும் இருந்தால், அவர் நிலை கடத்துபவரான பெண்ணின் நிலையை ஒத்திருக்கும். பாலினத்தைக் கேட்டு விடை சொல்வதைவிட, எக்ஸ் எண்ணிக்கையைக் கேட்டு விடை சொல்வதே சரி என்பது மாணவர்களுக்கு இதில் தெளிவாகும்.

அடங்காத மரபணுக்கள்

கூர்மையான மாணவர் இங்கே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாம் கேட்கலாம். கூடுதல் எக்ஸ் எல்லாம் அடங்கிவிடும் என்றால், எக்ஸ்எக்ஸ்ஒய் உள்ளவருக்கு ஏன் வேறுபாடுகள் தோன்றுகின்றன? எப்படியும் ஓர் எக்ஸ்தான் இயங்கும் என்றால், ஒன்று மட்டும் உள்ள டர்னர் பெண்ணுக்கு ஏன் குறை வர வேண்டும்?

விடை: அடங்கிய எக்ஸ் முழுவதும் அடங்குவதில்லை. அதில் உள்ள மரபணுக்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு தொடர்ந்து இயங்குகின்றன. குறிப்பாக எக்ஸ், ஒய் இரண்டின் நுனிகளிலும் பொதுவாக உள்ள பகுதி அடங்குவதே இல்லை. எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான ஷாக்ஸ் என்ற மரபணு அங்கேதான் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸில் ஒன்று, ஒய்யில் ஒன்று. பெண்ணுக்கு இரண்டு எக்ஸிலும் ஒவ்வொன்று. ஆக எல்லோருக்கும் இரண்டு படிகள். டர்னர் பெண்ணுக்கு ஒரு படிதான். உயரம் குறைவதற்கு இது முக்கியக் காரணம். எக்ஸ்எக்ஸ்ஒய் ஆணுக்கும் மூன்று எக்ஸ் உள்ள பெண்ணுக்கும் மூன்று படிகள். அவர்கள் பெரும்பாலும் சராசரியைவிட உயரமாக இருக்கிறார்கள்.

இங்கே சுவையான ஒரு செய்தி. டர்னர் சிறுமிகளின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் என்ற புரதத்தின் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். குறை ஹார்மோனில் அல்ல, எலும்பில் வேலை செய்யும் மரபணுவின் அளவில். ஆனாலும் வளர்ச்சி ஹார்மோனை ஊசி மூலம் கூடுதலாகக் கொடுத்தால் உயரம் கூடுகிறது. இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை தேவையில்லை என்று ஆகிவிடாது.

சுற்றிவந்து மாறும் புரதங்கள்

இதுவரை பார்த்தவை எக்ஸில் உள்ள மரபணுக்கள். ஆனால் டர்னர், கிளைன்ஃபெல்டர் இரண்டிலும் மருத்துவர் முதலில் பார்க்கும் புரதத்தின் மரபணு எக்ஸிலும் இல்லை, ஒய்யிலும் இல்லை. அது பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன். அதன் இரண்டு சங்கிலிகளுக்கான மரபணுக்கள் 6, 11 ஆகிய குரோமோசோம்களில் உள்ளன. அவற்றின் எண்ணிக்கையில் இவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் பருவ வயதுக்குப் பின் இரத்தத்தில் எஃப்.எஸ்.ஹெச். மிக உயர்ந்திருக்கும்.

காரணம் பின்னூட்டம். அண்டகமும் விந்தகமும் தரும் பால் ஹார்மோன்களும், இன்ஹிபின் என்ற புரதமும் பிட்யூட்டரிக்குப் "போதும், நிறுத்து" என்று சொல்லும் சைகைகள். டர்னர் பெண்ணுக்கு அண்டகம் வளர்ச்சி குன்றியிருக்கும். எக்ஸ்எக்ஸ்ஒய் ஆணுக்கு விந்தகம் சிறிதாக இருக்கும். சைகை வராததால் பிட்யூட்டரி மேலும் மேலும் சுரக்கிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை பழுதாகிவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்குமல்லவா, அதுபோல. நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் வரும் பின்னூட்டத்தை இங்கே நினைவூட்டினால் மாணவர்களுக்கு இரண்டு பாடமும் ஒன்றாகப் பதியும்.

எதிர்ப்பொருள்களில் தெரியும் வேறுபாடு

இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களில் ஒன்று ஐ.ஜி.எம். இதன் அளவு பெண்களுக்குச் சராசரியாக ஆண்களைவிடக் கூடுதல். எக்ஸ் எண்ணிக்கை கூடக்கூட இதன் சராசரி கூடும் போக்கு இருப்பதாக 1960-களின் இறுதியில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் அறிவித்தன. ஐ.ஜி.எம்.-இன் கனச் சங்கிலிக்கான மரபணு 14-ஆம் குரோமோசோமில் உள்ளது; எனவே எக்ஸின் பங்கு நேரடியானதல்ல. நோய்த்தடைக்காப்பை நெறிப்படுத்தும் மரபணுக்கள் பல எக்ஸில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான டி.எல்.ஆர்.7, எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள் சிலவற்றில் அடங்காமல் இரண்டு எக்ஸிலிருந்தும் இயங்குவதை 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்களிடமும் அப்படியே.

தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றும் லூபஸ் நோய், பாதிக்கப்படுபவரில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கும், எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்களிடம் மற்ற ஆண்களைவிடப் பன்மடங்கு கூடுதலாகக் காணப்படுவதற்கும் இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அப்படியானால் ஓர் எக்ஸ் மட்டுமே உள்ள டர்னர் பெண்களுக்கு இத்தகைய நோய்கள் குறைய வேண்டும் அல்லவா? லூபஸ் அரிதுதான். ஆனால் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் அவர்களிடம் கூடுதல். அதனால் அவர்களுக்குத் தைராய்டு பரிசோதனை தொடர்ந்து செய்யப்படுகிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்து எழுதிய கணக்கு உடலில் அப்படியே செல்லுபடியாவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மாணவரின் கேள்விக்கு இப்போது முழு விடை சொல்லலாம். சில புரதங்கள் எக்ஸ் கூடினாலும் மாறுவதில்லை (ஜி6பிடி). சில, அடங்காத மரபணுக்களால் எண்ணிக்கைக்கேற்ப மாறுகின்றன (ஷாக்ஸ்). சில, வேறு குரோமோசோமில் இருந்தும் சுற்றுவழியில் மாறுகின்றன (எஃப்.எஸ்.ஹெச்.). ஒவ்வொரு புரதத்துக்கும் தனி வழி.

பாடம் வகுப்பறையைத் தொடும் இடம்

டர்னர் சிண்ட்ரோம் ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கும், எக்ஸ்எக்ஸ்ஒய் அமைப்பு ஏறத்தாழ 600 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கும் அமைகிறது. பெரிய மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றும் ஆசிரியர், தெரியாமலேயே இத்தகைய மாணவர் ஒருவருக்கேனும் கற்பித்திருக்க வாய்ப்பு மிகுதி. நாம் கரும்பலகையில் எழுதும் அறிகுறிப் பட்டியலைத் தன்னைப் பற்றியதாக வாசிக்கும் ஒரு பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கலாம். எனவே சில கவனங்கள்:

சொல்லில் கவனம். "குறைபாடுள்ளவர்கள்", "ஆணும் அல்ல பெண்ணும் அல்ல" போன்ற சொற்கள் அறிவியல்படியும் தவறு. டர்னர் சிண்ட்ரோம் உள்ளவர் பெண். எக்ஸ்எக்ஸ்ஒய் அமைப்போடு பிறப்பவர் ஆண் உடலமைப்போடு பிறப்பவர். பெரும்பாலோர் இயல்பான அறிவுத்திறன் உடையவர்கள். "டர்னர் பெண்" என்று இக்கட்டுரையில் சுருக்கத்துக்காக எழுதினாலும், வகுப்பில் "டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண்" என்று சொல்வதே நல்லது. சிண்ட்ரோம் அவரின் ஒரு பகுதி, அவரே அல்ல.

கற்றலில் கவனம். டர்னர் சிண்ட்ரோம் உள்ள மாணவிகள் பலர் மொழியில் சிறந்தும், கணக்கிலும் வரைபடம், வடிவியல் போன்றவற்றிலும் தடுமாறியும் காணப்படுவார்கள். நடுக்காதுத் தொற்று அடிக்கடி வருவதால் கேட்கும் திறனும் குறையலாம்; முன்வரிசையில் அமர்த்துவது உதவும். எக்ஸ்எக்ஸ்ஒய் உள்ள மாணவர்கள் சிலருக்குப் பேச்சும் வாசிப்பும் தாமதமாக வரும். சோம்பல் என்று முத்திரை குத்துவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

காலத்தில் கவனம். வகுப்புத் தோழியரைவிட மிகவும் உயரம் குறைந்து, ஆண்டுதோறும் உயரம் கூடாமல், 13 வயதாகியும் பருவ மாற்றங்கள் தொடங்காத மாணவியை மருத்துவர் ஒருமுறை பார்ப்பது அவசியம். எலும்பு முனைகள் மூடிவிட்டால் வளர்ச்சி ஹார்மோன் பயன் தராது. ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையும் 11, 12 வயதை ஒட்டித் தொடங்கினால்தான் பருவ வளர்ச்சி இயல்பை ஒட்டி அமையும். இதயத்தையும் சோதிக்க வேண்டியிருக்கும். "அவங்க அம்மாவும் குட்டைதான்" என்று இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் அந்த இரண்டு ஆண்டுகள் திரும்ப வரா.

நோயறிதல் நம் வேலை அல்ல. பெயர் சூட்டவும் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் மருத்துவக் குழுவிடம், மாணவியின் உயர அளவுகளைத் தேதியோடு தனியாகக் கொடுக்கலாம். அவர்கள் மாவட்ட இடையீட்டு மையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்கள். பெற்றோரிடம் பேசும்போது பெண் ஆசிரியர் ஒருவர், தாயிடம் தனியே, "பிள்ளையின் வளர்ச்சியை ஒரு தடவை டாக்டர் பார்த்துவிடட்டும் அம்மா" என்ற அளவில் பேசினால் போதும். சில மில்லிலிட்டர் இரத்தத்தில் செய்யும் குரோமோசோம் சோதனை மற்றதைச் சொல்லிவிடும். முடிவு எதுவாக இருந்தாலும் அது அந்தக் குடும்பத்துக்கு உரியது. ஆசிரியர் அறையில் பேசும் செய்தி அல்ல.

மாணவர்கள் சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஒரு பெண்ணின் இரத்தத்தில் ஜி6பிடி உள்ள சிவப்பணுக்கள், இல்லாத சிவப்பணுக்கள் என இருவகை கலந்திருக்கின்றன. ஓர் எக்ஸ் மட்டுமே உள்ள பெண்ணிடம் இப்படிக் காண முடியுமா? ஏன்?

2. காரணி 8 பிளாஸ்மாவில் கலந்துவிடும் புரதம். ஜி6பிடி செல்லுக்குள்ளேயே தங்கும் நொதி. கடத்துபவரான பெண்ணிடம் இரண்டையும் அளந்தால் முடிவுகள் எவ்வகையில் வேறுபடும்?

3. மூன்று எக்ஸ் உள்ள பெண்ணிடம் எஃப்.எஸ்.ஹெச். அளவு இயல்பாக இருக்கிறது. அவரின் அண்டகம் பற்றி என்ன ஊகிக்கலாம்?

4. "ஒரு குரோமோசோம் கூடினால் அதில் உள்ள எல்லாப் புரதங்களும் கூடும்." இக்கூற்று 21-ஆம் குரோமோசோம் கூடும் டவுன் சிண்ட்ரோமுக்குப் பெருமளவு பொருந்தும், எக்ஸ் கூடும்போது பொருந்தாது. ஏன்?

நான்காம் வினாவுக்கு விடை கண்ட மாணவர் இந்தப் பாடத்தின் மையத்தைப் பிடித்துவிட்டார் என்று கொள்ளலாம். 21-ஆம் குரோமோசோமை அடக்கும் ஏற்பாடு உடலில் இல்லை. எக்ஸுக்கு இருக்கிறது. அதனால்தான் எக்ஸ் ஒன்று கூடிய எத்தனையோ பேர், தமக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி வாழ்கிறார்கள். பட்டியலை எழுதும்போது இந்த ஒரு வாக்கியத்தையும் அதன் கீழே எழுதிவிடுவோம்.